நீலம் ஏறிய உளி

சாணையிலிருந்து உளியை எடுத்தபோது முனை நீலமாகியிருந்தது. பதினெட்டு வருஷம் ஓசூர் கம்பெனி டூல்ரூமில் இருந்தவன் நான். அங்கே எல்லாம் ஹெச்.எஸ்.எஸ். என்கிற ஹைஸ்பீட் ஸ்டீல்; எவ்வளவு சூடேறினாலும் அசராது. சாணைக்குப் பக்கத்தில் தகர டப்பாவில் தண்ணீர் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். இது தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தீட்ட வேண்டிய கார்பன் ஸ்டீல். நீலம் ஏறினால் இரும்பின் பதம் போச்சு; கூர் நிற்காது.

அன்று அந்த மரக் கடைசல் பட்டறையில் எனக்கு ஆறாவது நாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு வேலை உண்டா இல்லையா என்று சொல்வதாகப் பேச்சு. ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி பார்வதி, அவசரக்காரி, தன் அண்ணன்மாருக்கெல்லாம் போன் போட்டு, “அவருக்கு வேலை பர்மனென்ட்” என்று சொல்லியும் முடித்துவிட்டாள்.

எமரி உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். நீலம் போய் முனை பளிச்சென்றது. மடியில் கனம் ஏறிவிட்டது. இனி வழியெல்லாம் பயம்தான்.

“அண்ணா, பார்ட்டிங் உளி ஆச்சா?” என்று கை நீட்டினார் மோகனப்ரியா. தொரப்பள்ளி சாலையிலிருந்த அந்தப் பட்டறை அவருடையது. முப்பது வயதுதான் இருக்கும். கட்டில் கால் ஒன்று இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கையில் மட்டும் உளியைப் பிடித்து மரத்தில் காடி வெட்டினார். இடது கை, காலிப்பரால் அந்தக் காடிக்குள் மரத்தின் கனத்தை அளந்தபடி இருந்தது. உளி சிக்கினால் அடக்க இன்னொரு கை கிடையாது.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

சுருளாக வந்த சீவல் தூளாக மாறியது. தேக்கு கருகும் வாசனை. “மேடம்” என்றேன், சத்தத்தில் கேட்கவில்லை. உளி சிக்கி எகிறியது. பிடி அவர் மணிக்கட்டில் அடித்துத் தெறித்தது.

ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வீங்கியது.

“உங்க மேல தப்பில்லண்ணா” என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து. “அந்த மத்தூர்க் கொல்லர் கங்கப்பன் மட்ட இரும்புல அடிச்சுக் குடுத்துட்டாரு. இன்னும் மூணு உளிக்கு சொல்லிருக்கேன். எல்லாம் கேன்சல். நீங்க திங்கக்கெழமலருந்து ரெகுலரா வந்துருங்க.”

வெட்கங்கெட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் இடது கையால் கங்கப்பன் நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜைமேல் வைக்கும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

“சொல்லும்மா!” என்றார் கங்கப்பன். “உளி எப்பிடி வெட்டுது? வெண்ணெயாட்டம் போகுதா?”

“வெண்ணெயா? உங்க உளியால...”

“நல்ல உளிங்க” என்று நான் குறுக்கே விழுந்தேன். “சாணையில நீலம் ஏத்திக் கெடுத்தவன் நான். எமரி போட்டுத் தேச்சு மறைச்சவனும் நான்தான்.”

மோகனப்ரியா வீங்கிய கையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“யாருப்பா பேசறது?” என்றார் கங்கப்பன்.

“அசோக்குமாருங்க.”

“அங்க வேலை செய்யறவரா?”

நான் மோகனப்ரியாவைப் பார்த்தேன். அவர் போன் பக்கம் குனிந்து, “சொன்ன மூணு உளியையும் அடிச்சுடுங்க” என்றார்.