நாலு கைக்குப் போதுமான மிஷின்

வேதாசலம் சார் கேட்டது ஒரு ஆளை. அந்த ஆள் ஸ்டெல்லா. என்னை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஹைதராபாத்தில் எங்கள் லாலாகுடா ரயில்வே காலனி மாதா கோயில் திருவிழாவில் நாங்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். கோயில் பாடகர் குழுவில் ஒரு பழைய பேடு இருந்தது. எட்டு ரப்பர் கட்டம், குச்சியால் தட்டினால் டிரம்ஸ், டோலக் சத்தம் வரும். அதற்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா நிற்பாள், இந்தப் பக்கம் நான். அவள் சனங்களைப் பார்த்து, நான் முதுகைக் காட்டி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்குத் தெரிந்தது ஸ்டெல்லாவின் முகமும் என் ஜாக்கெட் முதுகும்தான். பாட்டுப் புஸ்தகம் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் என்று நினைத்துவிட்டார்.

ஸ்டெல்லா என் அண்ணன் கிரியின் பெண்டாட்டி. பேருக்குத்தான் அண்ணி, என்னைவிட வயசில் சின்னவள். நாச்சாரத்தில் ஒரே பெயிண்ட் கம்பெனியில் வேலை செய்தோம். நான்தான் அவளை என் அண்ணனுக்குக் காட்டினேன். அதற்கு இன்றுவரை இரண்டு பேரும் என்னைத் திட்டுகிறார்கள்.

வேதாசலம் சாருக்குப் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் உத்தியோகம், மாரெட்பள்ளியில் வீடு. லீவு நாளில் ஆர்கெஸ்ட்ரா நடத்துவார். அவரிடம் தாளம் வாசித்த ஆள் விசா கிடைத்து துபாய் போய்விட்டான், தாள மிஷினையும் எடுத்துக்கொண்டு. மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆண்டு விழா வருகிறது. அதற்கு ஆள் வேண்டும். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார்.

"இப்ப எல்லாம் லேப்டாப்பும் கன்ட்ரோலரும்தாம்மா. லேப்டாப்ல சத்தம் இருக்கும். கன்ட்ரோலர்ல பேடு இருக்கும். பேடைத் தட்டினா லேப்டாப் சத்தம் போடும். டோலக் வேணுமா டோலக், டிரம்ஸ் வேணுமா டிரம்ஸ்."

"லேப்டாப் கிரி கிட்ட இருக்கு சார். அவர் கேப் ஓட்டற கம்பெனில பழசைத் தள்ளி விட்டாங்க" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப கன்ட்ரோலர் மட்டும் வாங்குங்க. என் ஆர்கெஸ்ட்ராவில அவங்கவங்க வாத்தியம் அவங்கவங்களோடதுதான். சின்னதாவே வாங்குங்க, ஹேண்ட்பேக்ல போற சைஸ். பஸ்ல வந்து பஸ்ல போகலாம். பெரிசை எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

"தூக்கறதைப் பத்தி எங்க கிட்ட சொல்லாதீங்க சார். இருபது லிட்டர் டப்பாவை லாரில ஏத்தறவங்க நாங்க."

"நாங்கன்னா?"

"நானும் இவளும். சார், கோயில்ல வாசிச்சது ஒரு ஆள் இல்லை. ரெண்டு பேர்."

அவர் சிரித்தார். "அடக்கம் வேணும்தான், இவ்வளவு வேண்டாம். நான் கண்ணால பார்த்தேனே."

"கண்ணால பார்த்தீங்க சார். காதால கேட்டீங்களா?"

அதையும் ஜோக் என்று எடுத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது முடிவாகச் சொன்னார். "வேன்ல ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. ஏற்கனவே ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்கார்ந்து போறோம். மேடையிலும் ஒரு நாற்காலிதான்."

அவர் போனதும் நான் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "நீ போ. சின்னதையே வாங்கு. ஒருத்தியாவது அந்த பெயிண்ட் கம்பெனி சுத்தியை விட்டுட்டு வெளியே வரட்டும்."

"நக்கோ, வேண்டாம்."

"பெரிய மனசுக்காரி மாதிரி பேசாதே அண்ணி."

"மனசாவது மண்ணாவது. நீ இல்லாம எனக்குப் பாதிதான் வாசிக்க வரும். சாஃப்ட்வேர்காரங்க எதிர்ல பாதியை வாசிச்சுட்டு மானம் கெட்டு வரச் சொல்றியா?"

அவள் சொன்னது நிஜம். எங்கள் வாசிப்பு பாட்டு வாத்தியாரிடம் படித்தது இல்லை, டப்பா மூடியில் படித்தது. பெயிண்ட் டப்பா நிரம்பி மேஜைக்கு வந்ததும் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று ரப்பர் சுத்தியால் மூடியை அடித்து இறக்க வேண்டும். அவள் தன் பக்கத்து விளிம்பை அடிக்கும்போது என் சுத்தி மேலே இருக்கும். என்னுடையது இறங்கும்போது அவளுடையது ஏறும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் மூடி நெளிந்து பெயிண்ட் முகத்தில் அடிக்கும். முதல் மாதத்தில் நீலமும் சிவப்புமாக வீட்டுக்குப் போயிருக்கிறோம். அப்புறம் ஒருத்தி மூச்சு விடுவது மற்றவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. இடையில் ஒரு அடி, அதற்குள் பாதி அடி என்று நாங்களாகச் சேர்த்தோம். பக்கத்து மேஜைக்காரிகள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், சூப்பர்வைசர் கத்துவார். ஸ்டெல்லாவின் அப்பா சூசைராஜ், ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடித்து ரிட்டையர் ஆனவர், ஒரு தடவை கேட்டுவிட்டு "உங்க ரெண்டு பேரையும் பட்டறையில வேலைக்கு எடுத்திருப்பாங்க" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

ஆக விஷயம் இதுதான். சின்ன மிஷின் வாங்கினால் ஸ்டெல்லா பாதி வாசிப்பாள், நான் சுத்தியோடு நாச்சாரத்தில் நிற்பேன். பெரிசு வாங்கினால் நான் உண்டு. ஆனால் வேதாசலம் சார் என்னை வேண்டாம் என்றால் மிஷின் வீட்டுப் பரணில் கிடக்கும். இரண்டு பேரும் சேர்ந்து கட்டின சீட்டு அதில் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் வாத்தியக் கடைக்குப் போனோம். கடையில் கிருஷ்ணா என்று ஒருத்தன், மாரெட்பள்ளித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நாங்கள் தமிழில் கேட்டதெல்லாம் அவனுக்குப் புரிந்தது. பதில் மட்டும் ஹிந்தியில் வந்தது, ரொம்ப நெருக்கினால் கொஞ்சம் தமிழ்.

சின்னதை முதலில் எடுத்து வைத்தான். அழகான சாமான், பொய் சொல்லக் கூடாது. டிபன் பாக்ஸ் அளவு, பக்கத்தில் சின்ன பட்டன்கள், எட்டு பேடு, ஒவ்வொன்றும் ஸ்டாம்பு சைஸ். ஸ்டெல்லா தன் ஹேண்ட்பேக்கில் போட்டுப் பார்த்தாள். ஜிப் மூடியது.

"பர்ஃபெக்ட் அக்கா" என்றான் கிருஷ்ணா.

"எட்டு சத்தம்தான் வருமா?"

"நை நை. இந்த பட்டன் அழுத்தினா வேற எட்டு வரும். திரும்ப அழுத்தினா பழைய எட்டு."

"அழுத்தற கை எங்கிருந்து வரும்? ரெண்டு கையும் அடிச்சுக்கிட்டு இருக்குமே."

அவன் யோசித்தான். "மெதுவான பாட்டுன்னா ஓகே அக்கா."

மாதாப்பூர்காரர்கள் மெதுவான பாட்டோடு விட மாட்டார்கள். எவ்வளவு இங்கிலீஷ் பேசினாலும் கடைசியில் தீன்மார் கேட்பார்கள். பொனாலு அம்மன் திருவிழாவுக்கும் விநாயகர் ஊர்வலத்துக்கும் தெருவில் அடிக்கிற அடி அது. கை இமைப்பொழுது ஓய்ந்தாலும் ஆட்டம் விழுந்துவிடும்.

நான் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்து தட்டினோம். முதல் வரியிலேயே விரல் முட்டி முட்டியோடு மோதியது. ஸ்டெல்லாவின் நகம் என் கட்டைவிரலைக் கிழித்தது.

"அக்கா, இது ஏக் ஆத்மி கா சாமான்" என்று சிரித்தான் கிருஷ்ணா. ஒரு ஆள் சாமான். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

பெரிசைக் கேட்டோம். இரண்டு கையால் தூக்கி வந்தான். பதினாறு பேடு, நாலு வரிசை. ஒவ்வொன்றும் நாலு விரல் சேர்த்து வைக்கிற அகலம். அதற்கு மேலே வரிசையாகத் திருகுகிற குமிழ்கள். இரும்பு அடிப்பாகம். தட்டினால் நகராது.

கடை லேப்டாப்பில் மாட்டிக் கரண்ட் கொடுக்கவா என்று கேட்டான். "வேண்டாம்" என்றேன் நான். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். டப்பாவைத் தட்டிப் பழகினவளுக்கு ரப்பர் துள்ளுகிறதா, கனம் தாங்குகிறதா என்பதுதான் கவலை. செத்த மிஷினிலேயே தீன்மார் அடித்துப் பார்த்தோம். டப் டப் என்று வெறும் ரப்பர் சத்தம். நாலு கையும் மோதாமல் ஓடியது. கடைக்கு வந்திருந்த இன்னொரு ஆள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கிருஷ்ணாவின் கால் ஆடிக்கொண்டிருந்தது.

"தீதி," என்றான், "வித்த சாமான் வாபஸ் கிடையாது. நல்லா யோசிச்சீங்களா?"

"ஹவ், யோசிச்சாச்சு" என்றாள் ஸ்டெல்லா.

பஸ்ஸில் அதை இரண்டு பேர் மடியிலும் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "இது லக்கேஜ் இல்லை, எங்க பொழப்பு" என்றாள் ஸ்டெல்லா. பொழப்புக்கும் டிக்கெட் உண்டு என்று கிழித்துக் கொடுத்தார்.

வீட்டில் நாலு நாள் கிரி லேப்டாப்பில் ஹெட்போன் போட்டு ஒருத்தி மாற்றி ஒருத்தி மிஷினுக்கு முன்பக்கம் உட்கார்ந்து அவரவர் பாதியைப் பழகினோம். சேர்ந்து, ஸ்பீக்கரோடு அடித்தது வேதாசலம் சார் வீட்டு ஒத்திகையில்தான். அவர் மனைவி கல்பகம் மாமி காபி கொடுத்தார். சார் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சின்னது வாங்கச் சொன்னேனே. இவங்களும் வந்திருக்காங்க?"

"ஒரு பாட்டு கேளுங்க சார். அப்புறம் சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

மேஜையில் வைத்தோம். அவள் அந்தப் பக்கம், நான் எதிர்ப்பக்கம். கீபோர்டு ஆரம்பித்தது, நாங்கள் சேர்ந்துகொண்டோம். நன்றாகத்தான் போனது. வேதாசலம் சாரின் தலை ஆட ஆரம்பித்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். திடீரென்று டோலக் காணாமல் போனது. அடிக்கிறேன், சத்தம் இல்லை. அப்புறம் எங்கிருந்தோ டிரம்ஸ் மட்டும் காது கிழிகிற மாதிரி கத்தியது. கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார்.

குனிந்து பார்த்தேன். குமிழ்கள் என் பக்கம் இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் நான் பேடுக்குக் கை நீட்ட வேண்டும். என் மணிக்கட்டு போகிற வழியில் குமிழைத் திருகிவிட்டிருந்தது. கரண்ட் கொடுத்து ஒரு முறை அடித்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

"இதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றார் வேதாசலம் சார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. "ஒரு மிஷின், ஒரு ஆள். அவங்க மட்டும் வாசிக்கட்டும். நீங்க உட்காருங்க."

மாமி நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். உட்கார்ந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஸ்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், வாசிக்கவில்லை.

"என்ன கிளி," என்றாள் என்னைப் பார்த்து, "ஒரு டப்பா மூடி நெளிஞ்சா வேலையை விட்டுட்டுப் போயிடுவியா?"

டப்பா என்றதும்தான் எனக்கு உறைத்தது. டப்பா உருண்டை. அதற்கு எந்தப் பக்கமும் எதிர்ப்பக்கம்தான். குமிழ் இருக்கிற பக்கம் நான் ஏன் நிற்க வேண்டும்?

"அண்ணி, நீ இடது பக்கம் வா."

நான் சுற்றி வந்து வலது பக்கம் நின்றேன். அவள் இடது பக்கம். குமிழ் வரிசை இரண்டு பேருக்கும் ஓரமாக ஒதுங்கியது. பேடு மட்டும் நடுவில். இடது இரண்டு பத்தி அவளுக்கு, வலது இரண்டு பத்தி எனக்கு. கிரி சொல்லிக்கொடுத்தபடி ஸ்டெல்லா லேப்டாப்பில் சத்தங்களை இடம் மாற்றி வைத்தாள். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நாச்சாரத்தில் நிற்கிற மாதிரியே நின்றோம். கேட்கிறவர்களுக்கு யார் முதுகும் இல்லை.

"தீன்மார்" என்றேன்.

அவள் கை இறங்கியபோது என் கை மேலே இருந்தது. என்னுடையது இறங்கியபோது அவளுடையது ஏறியது. இடையில் பாதி அடி, அதற்குள் கால் அடி. கீபோர்டுக்காரர் சும்மா நின்றார், அவருக்கு அதில் வேலை இல்லை. ஹாலில் பித்தளைக் குத்துவிளக்கு அதிர்ந்தது. மாமி காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டார்.

நிறுத்தினோம். இரண்டு பேரும் ஒரே அடியில், பார்த்துக்கொள்ளாமல்.

வேதாசலம் சார் எழுந்து மிஷின் பக்கத்தில் வந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "கோயில்லயும் இப்படித்தானா?"

"முதுகு மட்டும் திரும்பி இருந்துச்சு சார்."

"அந்த டோலக் அடி முழுக்க நீங்களா? அதைக் கேட்டுத்தானேம்மா நான் உங்க வீட்டுக்கே வந்தேன்."

"ஹவ்" என்றாள் ஸ்டெல்லா, என்னை முந்திக்கொண்டு.

அவர் வாசலுக்குப் போய் வேன் டிரைவரைக் கூப்பிட்டார். "உலகநாதா, ஆண்டு விழா அன்னிக்கு சவுண்ட் பாக்ஸ் ரெண்டையும் மேலே கட்டிடு. உள்ளே இன்னொரு ஆள் வராங்க."

மாதாப்பூரில் அந்தக் கம்பெனி கண்ணாடிக் கட்டடம். கேட்டில் ஆளுக்கு ஒரு முனையாக மிஷினைத் தூக்கிக்கொண்டு நுழைந்தோம். காவல்காரர் நாலு கையையும் பார்த்தார். எங்கள் நகக்கண்ணில் வெள்ளி பெயிண்ட் இருந்தது. முந்தின நாள் அந்தக் கலர்தான் ஓடியது, எத்தனை மண்ணெண்ணெய் போட்டாலும் போகாது.

"ஆர்ட்டிஸ்ட் கோன்? ஹெல்பர் கோன்?" யார் ஆர்ட்டிஸ்ட், யார் எடுபிடி என்று கேட்டார்.

"ஹெல்பர் யாரும் வரலை" என்றேன் தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது.

மேடையில் தாளத்துக்கு என்று மேஜையும் ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருந்தார்கள், சபையைப் பார்த்து. வேதாசலம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு மேஜையை அவரே பிடித்துத் திருப்பினார், எங்கள் இரண்டு பேர் முகமும் சனங்களுக்குத் தெரிகிற மாதிரி.

"போதுமா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் சார்" என்றேன். "எனக்குக் கை வீசி அடிக்கணும்."

இன்னும் கொஞ்சம் தள்ளினார்.