இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர்

நான்கு வருஷமாக அவள் வாசலைத் தாண்டினால் மருந்துக்கடை வரைதான். அதுவும் ஓட்டமும் நடையுமாக. இரண்டு முறை அடித்த பக்கவாதம், கணவருக்கு வலது கையில் இரண்டு விரலையும் வாயையும் காதையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. காது என்றால் சாதாரணக் காதா! இருபது வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர். பக்கத்து வீட்டு மிக்ஸி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று படுத்தபடியே சொல்லிவிடுவார்.

நாளெல்லாம் பாட்டுதான். "கொஞ்சம் ஏத்து." "அதிகமா இருக்கு, குறை." நாற்பது தடவையாவது சமையலறையிலிருந்து ஓடிவந்து பாட்டுப் பெட்டியின் குமிழைத் திருகுவாள். டிவி ரிப்பேர் பட்டறையில் சால்டரிங் பிடித்த கை அவளுடையது. ஒரு நாள் பொறுமை போய், ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றைத் தானே செய்ய உட்கார்ந்தாள். அவரே கூட்டிக் குறைத்துக்கொண்டால் சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளியே போய்வரலாம். இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் பெட்டி தயார். பட்டனை அழுத்தியதுமே அவர் முகம் சுளித்தார்.

"பின்னாடி கீன்னு ஒரு சத்தம். அமுக்கினா டிக்குனு வேற கேக்குது."

ஸ்பீக்கரில் காதை ஒட்டிய பிறகுதான் அவளுக்குக் கேட்டது.

"ரிமோட்டே வேணாம், கழட்டிடு. நீதான் இருக்கியே."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது.

கோளாறு அவளுக்குப் புரியாமலில்லை. பாட்டு போகும் பகுதிக்கும், ரிமோட்டைக் கவனிக்கும் சிப்புக்கும், எண் காட்டும் டிஸ்ப்ளேவுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். சிப்பும் டிஸ்ப்ளேவும் விட்டு விட்டு கரண்ட் இழுக்க, அந்த இழுப்பெல்லாம் பாட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கரண்டைச் சமன்படுத்தக் கப்பாசிட்டர் சேர்த்துப் பார்த்தாள். குறைந்ததே தவிர போகவில்லை. கடைசியில் சிப்புக்கும் டிஸ்ப்ளேவுக்கும் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டாள். உள்ளே இடமில்லாததால் வெளியே ஒரு டப்பாவில் வைத்தாள். இரண்டு பகுதிகளின் கிரவுண்ட் கம்பிகளையும் கண்ட இடத்தில் சேரவிடாமல், ஒரே புள்ளியில் மட்டும் இணைத்தாள்.

அவர் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் கேட்டார்.

"சுத்தமா இருக்கு. பெரிய ஆள்தான் நீ."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நாலு மணிக்குச் செருப்பை மாட்டினாள்.

"ஏங்க, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வந்துடறேன்."

 மூன்றாவது வீட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். பின்னால் பாட்டு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அடித்துப் பிடித்து ஓடிவந்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."

இரண்டே விரலால் சத்தத்தைத் தணித்தார். அதில் துளி இரைச்சல் இல்லை.

சிப்பில் ஒரு வரி மாற்றினால் போதும், சத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. பத்து நிமிஷ வேலை. லேப்டாப்பைத் திறந்துகூட விட்டாள். கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காமல் அவர் படுத்துக் கிடப்பதை நினைத்ததும் கை ஓடவில்லை. மூடி வைத்தாள்.

மறுநாள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"கூப்பிட்டா வருவேன். ஆனா போகாம இருக்க மாட்டேன்."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அன்று தெருமுனையைத் தொட்டபோதுதான் பாட்டு ஏறியது. அவள் உடனே திரும்பவில்லை. அந்தப் பாட்டு முடிகிறவரை வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.