சந்து வாசல்

அறுபத்திரண்டாம் வருஷத்து மழைக்காலம் முழுவதும் வீரய்யாவுக்கு ஒரே வேலைதான். இலங்கை மலைநாட்டு ஹட்டன் கடைத்தெருவில் சிவசாமி முதலாளி கட்டப்போகும் சாப்பாட்டுக் கடைக்குப் பிளான் வரைவது, அழிப்பது, மறுபடி வரைவது. கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. அப்பாடா என்று பென்சிலைக் கீழே வைக்கவிடுகிற மனிதரா அவர்!

முதலாளிக்குக் கடை புதுமோஸ்தரில் இருக்க வேண்டும். டியூப் லைட்டும் கண்ணாடி அலுமாரியும் மின்ன வேண்டும். ஆனால் காரைக்குடிப் பக்கத்துத் தம் பூர்வீக வீடு மாதிரியும் இருந்து தொலைக்க வேண்டும். மழை விடாத ஊரில் நடு முற்றம் கேட்டார். சரியென்று அதற்குக் கண்ணாடிக் கூரை போட்டான். தேக்குத் தூண் கேட்டார், அதையும் போட்டான். கடைசியில், ஊர் வீட்டில் வேலையாட்கள் வந்துபோகும் சந்து வாசல் ஒன்று உண்டு, அது இங்கேயும் வேண்டும் என்றார். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அந்த வழியாக வந்து, பின்பக்கக் கொட்டகையில் தகரப் பேணியில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டுமாம்.

வீரய்யா கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அவன் ஆத்தா அழகம்மா இன்னும் கொழுந்துதான் பறிக்கிறாள். தன் கையாலேயே ஆத்தாவுக்குக் கொல்லைப்புறம் காட்டுவதா என்று அவனுக்கு வயிறு எரிந்தது. அதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம், பயத்தைவிடப் பெரிய அலுப்பு. அங்கே வாசல் வைத்தால் பனிக்காற்று ஊதி, சாப்பிடுகிறவர்கள் விறைத்துப் போவார்கள் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டான். முதலாளி தாடையைச் சொறிந்தார்.

"அப்ப வேணாம் தம்பி. எல்லாம் முன்னாலயே வரட்டும்," என்றார்.

திறப்பு நாளன்று நல்ல தூறல். ஆத்தாவை வரச் சொல்லியிருந்தான். முன்வாசலில் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம், ஆளைக் காணோம். தேடிப் போனால், பின்சுவர் ஓரமாக, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு பெண்களோடு நிற்கிறாள். கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

"ஏன் ஆத்தா இங்க நிக்கிற? எல்லாரும் உள்ள வாங்க."

அழகம்மா அவனைக் கோபமில்லாமல்தான் பார்த்தாள்.

"எல்லாக் கடையிலயும் நம்மளுக்குனு ஒரு பக்கம் வச்சிருப்பாங்க. நீ போட்ட கடையில அதுகூட இல்லையேப்பா."

அவள் கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்தான். ஆத்தா வரவில்லை.