தென்றலிடம் கேட்காதது

தென்றல் வார்டில் படுத்திருந்தாள். டாக்டர் ராஜம்மாவின் எதிரில் அவள் அண்ணன் சிவசங்கர் மட்டும் உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடம் அடங்கியிருந்த ரத்தப் புற்றுநோய் தங்கைக்குத் திரும்ப வந்துவிட்டது என்று அப்போதுதான் கேட்டிருந்தான்.

"அவங்க ரத்தத்துலேர்ந்தே நோய் எதிர்ப்பு செல்லுங்களை எடுப்போம். புற்றுநோய் செல்லை அடையாளம் தெரிஞ்சு அழிக்கிற மாதிரி லேப்ல மாத்தி, பெருக்கி, திரும்ப அவங்க உடம்புலயே ஏத்துவோம். ஆய்வுத் திட்டம், அதனால செலவு இல்ல. ஆனா இப்பவே எடுத்துடணும். இன்னொரு கீமோ போட்டா அந்த செல்லுங்களும் அடிபட்டுடும்."

"ஆபத்து எதுனா இருக்கா மேடம்?"

"இருக்கு. கடுமையா காய்ச்சல் வரலாம். சில நாள் நினைவு குழம்பலாம். தென்றல்கிட்ட பேசிட்டு ரெண்டு நாள்ல சொல்லுங்க."

சிவசங்கருக்கு ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அப்பா போன பிறகு மண்ணூர் வீட்டில் எல்லா முடிவும் அவனுடையதுதான். தென்றல் எந்தக் கல்லூரியில் படிக்க வேண்டும், ஸ்ரீபெரும்புதூரில் எந்த கம்பெனியில் சேர வேண்டும் என்பது உட்பட. அவளுக்கு இருபத்தாறு வயது ஆகியும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

நினைவு குழம்பும் என்ற சொல் அவனை விடவில்லை. தங்கை தன்னைப் பார்த்து நீ யார் என்று கேட்பதுபோல் திரும்பத் திரும்பத் தோன்றியது. இரண்டாம் நாள், டீ இடைவேளையில், டாக்டருக்கு போன் செய்தான்.

"கீமோவே இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாம் மேடம்."

"தென்றல் என்ன சொல்றாங்க?"

"அவளும் அதான் சொல்றா."

அவளிடம் அவன் வாயே திறக்கவில்லை.

கீமோவில் தென்றலுக்கு வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்கவே அழுதாள். ஆறு வாரம் கழித்து வந்த பரிசோதனையில் நோய் கொஞ்சமும் குறையவில்லை. இந்த முறை டாக்டர் நேராக அவள் கட்டிலருகே வந்து சிகிச்சையை விளக்கினார். தென்றல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என் செல்லே எனக்காக சண்ட போடுமா? இத்த ஏன் மேடம் முன்னாடியே சொல்லல?"

"அப்பவே உங்க அண்ணன்கிட்ட சொன்னேனேம்மா. நீங்க வேணாம்னு சொன்னதா..."

தென்றல் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றே கையெழுத்துப் போட்டாள். இரண்டு கைகளிலும் குழாய் செருகி, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு அசையாமல் கிடந்தாள். மூன்று வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். லேபில் செல்கள் பெருகவில்லை. திரும்ப எடுக்கலாம் என்றால் உடம்பில் அதற்குத் தெம்பில்லை.

"முன்னாடியே எடுத்திருந்தா?" என்று சிவசங்கர் கேட்டான்.

"பலிச்சிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்."

வீட்டுக்கு வரும் வழியில், பூந்தமல்லி தாண்டிய பிறகு தென்றல் பேசினாள்.

"இன்னாண்ணா இப்பிடி பண்ணிட்ட?"

"பயந்துட்டேன் தென்றல்."

"பயமா கீதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? ரெண்டு பேரும் பயந்துகினே போயிருப்போம்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. கோபமாகவும் இல்லை. அவன் ஊட்டிய கஞ்சியைக் குடித்தாள், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவனை விரட்டினாள். இரண்டு மாதத்தில் இறந்துபோனாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அம்மா சுந்தராம்பாளிடம் ஒன்றையே சொன்னார்கள்: எந்த அண்ணன் இவ்வளவு செய்வான்? அம்மாவும் தலையாட்டினாள். "அவன் ஒரு கொறையும் வெக்கல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, சிவசங்கரால் தாங்க முடியவில்லை. அம்மா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னது, தான் போனில் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான்.

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அதுக்குத் தெரியுமாடா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா உன் கையால கஞ்சி குடிச்சிது?"

அம்மா எழுந்து உள்ளே போனாள். கதவை மூடிக்கொண்டு அவள் அழுவது வாசல்வரை கேட்டது.