மூன்று தட்டு முட்டைக்கோஸ்

“வாய்தான் பேசாது. கண்ணாச்சும் ஒழுங்கா வேல செய்யுமா ஒனக்கு?”

சாந்தினி அக்கா என்னிடம் இப்படிக் கேட்டது எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் குழாயடியில், எல்லாரும் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது. நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். தேயிலை வேலையை விட்டுவிட்டு, கோலா தெர்லாவில் ஒரு தோட்டத்தில் காய்கறி தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்வருகிறாள். இப்போது அதையும் விட்டுவிட்டுச் சோற்றுப் பொட்டலம் போட்டு விற்கப்போவதாகச் சொன்னாள்.

“பின்பக்க லயம் முழுக்க வங்காளதேசத்துப் பையனுங்க. வேல முடிஞ்சு வந்து பாக்கெட் மீ நூடுல்ஸக் கொதிக்க வச்சுத் திங்கிறானுங்க. சோறு, பருப்பு, ஒரு பொரியல், ஒரு கோழித் துண்டு வச்சா வாங்காமயா போவானுங்க? நான் கொண்டு போய் விக்கிறேன். நீ உள்ள இருந்து ஆக்கு. யார்கிட்டயும் நீ பேச வேணாம்லா.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் எதுவும் செய்திருப்பேன். மூன்றாம் படிவம் படிக்கும்போது, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதெல்லாம் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, பிறகு போகவே இல்லை. அம்மா பொறுத்துப் பார்த்தாள். இந்த வருடம் முடிவாகச் சொல்லிவிட்டாள்: தீபாவளிக்குள் இங்கே ஒரு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கிள்ளானில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே பெரியம்மா மகள் ப்ரியா ஒரு பேரங்காடியில் காசு வாங்கும் இடத்தில் இருக்கிறாள். எனக்கும் பக்கத்து இடத்தைச் சொல்லி வைத்திருக்கிறாள். பை வேண்டுமா, அட்டை இருக்கிறதா என்று முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கக் கேட்க வேண்டுமாம்.

“ஆனா ஒண்ணு,” என்றாள் அக்கா. “சாமான் எல்லாத்தையும் ஒரே கடையிலதான் எடுக்கணும். மொத்தமா எடுத்தாத்தான் கொறச்சுக் குடுப்பான். எந்தக் கடைன்னு நீ பாத்து, வாங்கி, ஆக்கிப் பாத்துச் சொல்லு. தரமும் இருக்கணும், வெலையும் கட்டுப்படியாவணும். எல்லாத்தையும் பாரு, ஒண்ணையும் விடாத. சரியாச் சொன்னீன்னா நீதான் என் பார்ட்னரு.”

செலவுக்குக் காசும் கொடுத்தாள்.

ரிங்லெட்டில் இருக்கும் பேரங்காடிக்குப் பச்சைப் பலகை. பிரிஞ்சாங்கில் இருப்பதற்குச் சிவப்புப் பலகை. லயத்தில் எல்லாரும் பச்சைக் கடை, சிவப்புக் கடை என்றுதான் சொல்வார்கள். இரண்டில் ஒன்று நல்லது, ஒன்று மட்டம், அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

பச்சைக் கடையில் அரிசி மலிவு. வாங்கி வந்து ஆக்கினேன். சூட்டில் நன்றாக இருந்தது, ஆறியதும் களியாகிவிட்டது. பொட்டலச் சோறு ஆறித்தானே இருக்கும். சரி, சிவப்புக் கடைதான் என்று முடிவு செய்தேன். அங்கே பருப்பு பளபளவென்று இருந்தது, விலையும் பச்சைக் கடை விலைதான். வீட்டுக்கு வந்து இரண்டு கடைப் பாக்கெட்டையும் கையில் வைத்தபோதுதான் சிவப்புக் கடையுடையது லேசாக இருப்பது தெரிந்தது. எடையைச் சின்ன எழுத்தில் பின்னால் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த எடை குறைந்த பருப்புதான் சீக்கிரம் வெந்தது, அப்படியானால் கேஸ் மிச்சம். அது லாபமா நட்டமா?

முட்டை இன்னும் மோசம். பச்சைக் கடையின் பி ரக முட்டை, சிவப்புக் கடையில் பெரியது என்று விற்கும் ஏ ரக முட்டையைவிட உள்ளங்கையில் கனமாக இருந்தது. உறைந்த கோழி மலிவாகக் கிடைத்தது, பனி கரைந்து சட்டியில் வதங்கியதும் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு கடை ஜெயித்தது. மறுநாள் அதே கடை தோற்றது.

மழைக்கு ஒதுங்கி ரிங்லெட்டில் முகம்மது கனி மாமாவின் மளிகைக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே வெங்காயம் கூடையில் கொட்டிக் கிடந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“என்னம்மா, வெங்காயத்துக்கு மாப்பிள்ள பாக்குறியா?” என்றார்.

கீழே வைத்துவிட்டேன்.

“எடு, எடு. பெரிய கடையில வலைக்குள்ள கட்டி வச்சிருப்பான், உள்ள அழுகல் இருந்தாலும் தெரியாது. இங்க தொடலாம், மோந்து பாக்கலாம். வெல மட்டும் கேக்காத.”

நான் எப்படியோ வாயைத் திறந்து, “எந்தக் கடை நல்ல கடை மாமா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வேலம்மா மவதானே? ஒனக்குப் பேச வருமா? இத்தன வருசமா ஊமன்னுல நெனச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “யாருகிட்டயும் சொல்லாத. எண்ணெய நானே சிவப்புக் கடையிலதான் வாங்கிட்டு வந்து விக்கிறேன். சலுக போடுறப்ப எனக்கு லோரிக்காரன் குடுக்குற வெலய விட அங்க கம்மி.”

கடைக்காரரே இன்னொரு கடையில் வாங்கினால் நான் யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

மிச்சமிருந்தது காய்கறிதான்.

எங்கள் லயத்தில் காய்கறியை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. தோட்டங்களில் வேலை செய்பவர்கள், லாரி ஏறாமல் கழித்துப் போட்டதைச் சாக்கில் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுப்பது சாந்தினி அக்கா. அப்பா போன பிறகு ஒரு ஞாயிறுகூட அந்தச் சாக்கு நின்றதில்லை. கடையில் கோஸ் வாங்குகிறவர்கள் என்றால், கொடுக்க ஆள் இல்லாதவர்கள் அல்லது கொடுத்தவர்களோடு சண்டை போட்டவர்கள் என்று அர்த்தம்.

ஆனால் அக்கா எல்லாத்தையும் பாரு என்றாளே. பொட்டலத்தில் தினமும் பொரியல் உண்டு. பச்சைக் கடையில் ஒரு கோஸ், சிவப்புக் கடையில் ஒரு கோஸ் வாங்கினேன். சிவப்புக் கடை கோஸின் மேல் ‘கேமரன்’ என்று ஒட்டியிருந்தது. கடைக்குப் பின்னால் அதை இறக்கிக்கொண்டிருந்த லாரி கோலாலம்பூரிலிருந்து மேலே வந்தது. இங்கே விளைந்தது கீழே போய்விட்டு, ஒட்டுத்தாளோடு திரும்பி வருகிறது. அதற்கு என்ன விலை சரி என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“கோஸக் காசு குடுத்து வாங்குனியா? யாராச்சும் பாத்தாங்களா?”

“அக்காதான் பாக்கச் சொன்னாங்க.”

“அரிசி பருப்பப் பாக்கச் சொல்லிருப்பா. இத எடுத்து உள்ள வையி.”

நான் உள்ளே வைத்தேன். ஆனாலும் எனக்குள் கணக்கு முடியவில்லை. இரண்டை மட்டும் ஒப்பிட்டு ஒருவரிடம் போய் எப்படிச் சொல்வது? அக்கா கொடுத்ததற்கு விலையே இல்லை. விலையில்லாததோடு சேர்த்துப் பார்த்தால்தான் மற்றவை எவ்வளவு பெறும் என்று தெரியும். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போலச் சாக்கை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். நான் தரையில் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தேன்.

“என்னடி இது, பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு வைக்கிற மாதிரி,” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பருப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். “இது நல்லாருக்கு. இதயே எடுப்போம்.” கோழியைக் கடித்தாள். “இது கோழியா, ரப்பரா? இந்தக் கடைப் பக்கமே போவ வேணாம்.”

அக்கா பேசப் பேச எனக்கு மூச்சு சீராக வந்தது. எல்லாவற்றையும் நான்கூடக் குழப்பமில்லாமல் சொன்னேன், எது எங்கே, ஏன் என்று. இவ்வளவு பேசி நான் என்னையே கேட்டதில்லை. அம்மா மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பொரியல். மூன்று தட்டிலும் ஒரே அளவு தேங்காய், ஒரே அளவு உப்பு.

“இது?”

“பச்சக் கட.”

“பரவால்ல. இது?”

“செவப்புக் கட.”

“ம், இனிப்பா இருக்கு. இதுதான்.” மூன்றாவதை வாயில் போட்டவள் முகத்தைச் சுளித்தாள். “த்தூ, கசக்குதுடி. நாரு நாரா வேற. இது எந்தக் கடக் குப்ப? இதயா காசு குடுத்து வாங்குன?”

அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“இல்லக்கா,” என்றேன். “இது காசு இல்ல. நீங்க போன வாரம் கொண்டாந்தது.”

அக்கா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். மூன்று தட்டையும் பார்த்தாள். மூலையில், பாதி வெட்டியபடி ஒட்டுத்தாளோடு இருந்த கோஸையும் பார்த்தாள்.

“அதுல உப்பு கூடிப்போச்சு சாந்தினி,” என்றாள் அம்மா வேகமாக. “இவளுக்கு ஒழுங்கா ஆக்கத் தெரியல. நாங்க அதத்தானே சாப்புடுறோம், எவ்ளோ நல்லாருக்கும்.”

“உப்பு எல்லாத்துலயும் ஒண்ணுதான்மா,” என்றேன். “கழிச்ச கோஸ்தானே, சாக்குல கெடந்தா கசக்கும். அதுக்குன்னு வேணாம்னு இல்ல. வெல இல்லாததுல இதுதான் நல்லது. பொட்டலத்துக்கு மட்டும் செவப்புக் கடையில எடுத்துக்கலாம்.”

நான் சொன்னதில் எது தப்பு என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. அப்போது நன்றாகச் சொல்லிவிட்டேன் என்றுகூட நினைத்தேன். பார்ட்னர் என்று சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வாயில் இருந்ததை விழுங்கினாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அம்மா நீட்டிய துண்டை வாங்காமல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் குனிந்து சாக்கின் வாயைப் பிடித்தாள். திரும்பத் தூக்கிக்கொண்டு போகப்போகிறாளா, ஓரமாக நகர்த்தப்போகிறாளா என்று தெரியவில்லை. பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, தன் வீடு இருக்கும் பக்கம் திரும்பாமல், தேயிலைக்கு நடுவே ரோட்டுக்கு இறங்கும் பாதையில் போனாள்.