உயிரோடு இருக்கிறவர்களிடம் கேட்டது

பீட்டர்ராஜுக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு, சர்க்கரை வேறு. பைபாஸ் செய்வதே நல்லது, மாட்டேனென்றால் ஸ்டென்ட் வைக்கலாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். பீட்டர்ராஜ் யோசிக்கவே இல்லை.

"ஸ்டென்ட்டுன்னா நாலு நாள்ல திராட்சைப் பந்தலுக்கு வந்துருவேன். நெஞ்சைப் பிளந்துட்டுப் படுத்தா கொடியை வெட்டிக் கவாத்து யாரு பண்றது?"

மகள் அருள்செல்விக்கு அப்படியே விட மனசில்லை. அப்பா தவறான பக்கம் போய்விட்டால்? எதையும் நாலு பேரிடம் விசாரித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். விசாரித்த பிறகும், சரியாகக் கேட்டோமா என்று சந்தேகம் வரும். அனுமந்தன்பட்டியில் தொடங்கி உத்தமபாளையம் வரை, நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருவரையும் அவள் விடவில்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டே பதில் சொன்னார்கள். பைபாஸ் செய்தவர்கள் சட்டைப் பட்டனைக் கழற்றித் தழும்பைக் காட்டிப் பெருமூச்சு விட்டார்கள்.

"அப்பா சொல்றதுதாம்மா சரி போல. ஸ்டென்ட்டு வச்சவுக எல்லாரும் நல்லாத்தான் இருக்காக."

கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்த அம்மா வியாகுலமேரி நிமிரவில்லை. "நல்லா இல்லாதவுக டீக்கடைக்கா வருவாக? அவுகளை நாளைக்குப் பாக்கத்தானே பூக்கட்டுறேன்."

அருள்செல்விக்குச் சுருக்கென்றது. அவள் விசாரித்ததெல்லாம் பிழைத்தவர்களை மட்டும்தான்.

மறுநாள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த குடும்பங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஸ்டென்ட் வைத்து, ஓடியாடித் திரிந்து, மறுபடி அடைப்பு வந்து இறந்துபோனவர் அங்கே இருந்தார். பைபாஸ் முடிந்த வாரமே போய்விட்ட பிரான்சிஸ் என்பவரும் இருந்தார். இங்கும் முடிவு கிடைக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி தெளிந்துவிட்டது. அப்பாவை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள்.

"எத்தனை நாள்ல வீட்டுக்கு வருவாகன்னு கேக்கல டாக்டர். எங்கப்பா மாதிரி சர்க்கரையும் மூணு அடைப்பும் உள்ளவுகள்ல, அஞ்சு வருசம் கழிச்சு எதைப் பண்ணவுக அதிகமா உசுரோட இருக்காக?"

"பைபாஸ் பண்ணவங்க. ஆரம்பத்துல ஆபத்து கொஞ்சம் கூடத்தான். வருசம் போகப் போகத்தான் வித்தியாசம் தெரியும். ஒரே அடைப்பா இருந்தா, ஸ்டென்ட் போதும்னு நானே சொல்லியிருப்பேன்."

பீட்டர்ராஜ் தாடையைத் தடவினார். "கீழத்தோட்டத்துல இப்பத்தான் கொடி நட்டிருக்கேன். அது இன்னும் எத்தனையோ வருசம் காய்க்கும்... சரி தாயி, இந்த வருசக் கவாத்துக்கு ஆள் விடு."

அடுத்த கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி அவர் கையில்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுராஜ் நெருங்கி வந்து காதோரம் கேட்டார்: "மாமா, எனக்கும் அடைப்புங்கிறாக. பைபாஸ் நல்லதா, ஸ்டென்ட்டு நல்லதா?"

"எங்கிட்டக் கேக்காதய்யா, நான்தான் உசுரோட இருக்கேனே. எம்மககிட்டக் கேளு. அவதான் ரெண்டு பக்கமும் விசாரிச்சவ."