விரல் சொன்ன விடை

…குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி இருந்தது, இடது கால்தான், இது நேற்று வந்த வலியா என்ன, ஆனால் இன்றைக்கு டீச்சர் உட்காரக் கூடாதாம், எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள் கொடுக்கிற தேர்வில் நாற்காலி கிடைத்தால் அவள் கண்ணை மூடிவிடுவாளாம், அப்படி ஒரு விதி, விதி எழுதின மகராசன் உட்கார்ந்துதானே எழுதியிருப்பான்… வாசலோரம் மேற்பார்வைக்கு வந்த வெளியூர் ஆளுக்கு மட்டும் நாற்காலி உண்டு. மூன்றாம் வகுப்பு முழுவதும் குனிந்து கிடந்தது. மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது, வெயில் ஜன்னல் கம்பியைத் தரையில் கோடாகப் போட்டிருந்தது, பென்சில்கள் வட்டங்களைக் கறுப்பாக்குகிற சத்தம், சர்… சர்… மணல் சலிக்கிற சத்தமேதான். அம்மா கட்டட வேலையில் மணல் சலித்தவள், நின்றபடியே தூங்குவாள், சல்லடை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். எப்படிம்மா என்று கேட்டால், கை பாட்டுக்கு வேலை செய்யும்டி, நான் அந்தப் பக்கம் போயிட்டு வந்துருவேன் என்பாள். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்… அங்கே குதிகால் வலிக்காதா…

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் எறும்பு. வகுப்பிலேயே சின்ன உருவம், மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து எழுதுவாள், பிள்ளைகள் வைத்த பெயர் அது, அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். இந்த மெத்தனத்தை வைத்துக்கொண்டு போன இரண்டு பயிற்சித் தேர்விலும் தேறுகிற கோட்டில் ஒரு கால், வெளியே ஒரு கால். காலையில் கேட்டருகே அவள் அப்பா, லாரி ஓட்டுகிறவர், கண்ணில் தூக்கம் ஒட்டியிருக்க நின்றார். இந்தத் தடவை கோடு தாண்டலைன்னா மறுபடி மூணாம் வகுப்புலயே உக்கார வெச்சிருவீங்களாமே டீச்சர், அவ தம்பி அடுத்த வருஷம் மூணாவதுக்கு வந்துருவான், ஒரே பெஞ்சுல அக்காவும் தம்பியும்னா அவன் மானத்த வாங்கிருவான் டீச்சர் என்றார், சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. தம்பிக்காரன் பக்கத்தில் நின்று விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் எறும்புக்கும் தெரியும், எழுதத்தான் நேரமாகும், அதை எந்த வட்டத்தில் கறுப்படிப்பது…

டீச்சர் எறும்பின் மேசையில் கையை ஊன்றிக் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள், அப்பாடா, உயிர் வந்தது. கீழே தாளில், பெரியது எது, காலா, அரையா, முக்காலா, எறும்பு முக்காலைக் கறுப்பாக்கியிருந்தாள், வட்டத்துக்கு வெளியே ஒரு பொட்டு சிந்தாமல். மணல் சத்தம், சர்… சர்… சல்லடை ஆடுகிறது, அம்மாவின் முந்தானையில் தூசு, டீச்சரும் அந்தப் பக்கம் போய்விட்டாள்… டொக். என்ன சத்தம் அது. தன் ஆள்காட்டி விரல்தான். வருடம் முழுக்க அதுதானே பாஷை, தொண்டை கட்டாமல் இருக்க அவளே கண்டுபிடித்தது, மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் தப்பு, மறுபடி பார் என்று பிள்ளைகளுக்கு அர்த்தம். எறும்பு ரப்பரை எடுத்துவிட்டாள். முக்கால் தேய்ந்து மறைந்தது, அரை கறுத்தது.

அடிப்பாவி, யாரைச் சொல்கிறாள், தன்னைத்தான். வாயைத் திறக்கக் கூடாது, அந்த ஆள் பார்க்கிறார், இல்லை, கொட்டாவி விடுகிறார். இன்னொரு தட்டுத் தட்டினால்? இதுவும் தப்பா என்று ‘கால்’ வட்டத்துக்குப் போவாள், அவ்வளவு நம்பிக்கை அந்த விரல்மேல். சரி என்பதற்கு ஒரு சைகை வைத்தாளா, இத்தனை மாதத்தில் ஒன்றுகூட வைக்கவில்லையே, தட்டாமல் தாண்டிப் போனால் சரி, அவ்வளவுதான் அவள் கொடுத்த பாராட்டு. நகர்ந்தால் அரைதான் சரி என்று ஆகும், அதனால் நகராமல் நின்றாள், குதிகால் எரிய எரிய நின்றாள், எறும்போ டீச்சர் இன்னும் போகவில்லையே என்று மேலே உள்ள விடைகளைத் தடவ ஆரம்பித்தாள், ரப்பர் அடுத்த வட்டத்தின்மேல் தயங்கியது. வேறு வழியில்லை. டீச்சர் நகர்ந்தாள். பின்னால் எறும்பு நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது, அந்த மூச்சு ஏன் இப்படி முதுகில் கல்லாய் விழுகிறது…

மணி அடித்து, தாள்கள் உறைக்குள் போய், ஒட்டிய இடத்தின்மேல் அவளும் கையெழுத்துப் போட்டாள். பிள்ளைகள் மிதந்து வெளியே போனார்கள். எறும்பு மட்டும் அருகே வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க தட்டினதும் மாத்திட்டேன் டீச்சர். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

கண் இரண்டும் மின்னின, டீச்சரைக் காப்பாற்றுகிறாளாம். சொல்லிவிடலாம், இப்போதே, சொன்னால் என்ன ஆகும், அழுவாள், அழட்டுமே, நாளைக்கு விரல் தட்டினால் நம்பமாட்டாள், நம்ப வேண்டாமே…

“தண்ணி குடிச்சியா நீ?” என்றுதான் வந்தது.

இல்லை என்று தலையாட்டிவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள் எறும்பு, அவள் ஓடி டீச்சர் பார்த்ததே இல்லை. முக்கால்தான் சரி, நீ முதலில் போட்டதுதான் சரி, என் விரல்தான் தப்பு… இந்த ஒரு பேச்சு அந்தப் பிள்ளைக்கு அவள் பட்ட கடன், அது இன்னும் பாக்கி.